தெருமுனைக் கடைக்கு மாதச் சாமான் லிஸ்ட் கொடுப்பது எப்படி? புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

சென்னையில் புதிதாக வாடகை வீடு பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறோம். சாமான் இறக்கிய அன்று இரவே போனில் ஏதாவது ஒரு ஆப்பைத் திறந்து, துடைப்பத்திலிருந்து தோசைக்கல் வரை வரவழைத்துவிடுகிறோம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வந்தும் விடுகிறது. தெருமுனையில் ஒரு மளிகைக் கடை இருப்பது, ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் பால் திரிந்துபோன பிறகுதான் கண்ணில் படுகிறது.

நானும் அப்படித்தான். மடிப்பாக்கத்துக்குக் குடிவந்து முதல் எட்டு மாதம் முனைக்கடையில் நான் வாங்கியது பால், தயிர், கொத்தமல்லி, எப்போதாவது ஒரு பேட்டரி. என் சித்தப்பா கோவில்பட்டியில் வெகுகாலம் கடை நடத்தியவர். ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது பால்கனியில் குவிந்திருந்த அட்டைப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "கீழ கடை இருக்கே, அங்க என்ன வாங்குத?" என்று கேட்டார். சொன்னேன். "ஏலே, இத வச்சு அவன் கரண்டு பில்லு கூடக் கட்ட முடியாதே" என்றார்.

அன்றைக்கு அவர் போட்டுக் காட்டிய கணக்கு இதுதான். பால் பாக்கெட்டில் கடைக்காரருக்கு நிற்பது வெறும் சில்லறைக் காசு. அதற்காகக் குளிர்பெட்டியை இரவு பகலாக ஓடவிட வேண்டும். வீடுகளுக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசம்; கடைக்கு அந்தச் சலுகை கிடையாது, வணிகக் கட்டணம் வேறு. சோப்பு, பிஸ்கட் போன்ற கம்பெனிப் பொருள்களில் கம்பெனி விட்டுவைத்ததுதான் லாபம். கையில் கொஞ்சம் காசு நிற்பது மூட்டையைப் பிரித்து எடைபோட்டு விற்கும் பருப்பிலும் புளியிலும் மிளகாயிலும் அரிசியிலும்தான். அதாவது, மாதச் சாமானில். தெருவில் எல்லோரும் மாதச் சாமானை வேறெங்கோ வாங்கிக்கொண்டு, அவசரத்துக்கு மட்டும் கடைக்கு வந்தால், லாபமில்லாத சரக்கை விற்கவே அவர் கடை திறந்து வைத்திருக்க வேண்டும். எத்தனை நாள் திறப்பார்?

ஆக, முனைக்கடைக்கு நாம் கைகொடுக்க வேண்டுமென்றால் அதற்கு வழி ஒரு மாதச் சாமான் லிஸ்ட்தான். ஆனால் அங்கே போய்ச் சேர சில படிகள் இருக்கின்றன.

முதலில் ஒரு நடை

காலை ஏழு மணிக்கு ஒருமுறை, மாலை ஆறு மணிக்கு ஒருமுறை, வீட்டிலிருந்து நாலு தெரு சுற்றி வாருங்கள். மளிகைக் கடை, பெட்டிக்கடை, காய்கறிக் கடை, இஸ்திரி வண்டி, தையல் கடை, ஜெராக்ஸ் கடை, ஈர மாவு விற்கும் வீடு. இதில் பாதி எந்த மேப்பிலும் இருக்காது. எந்தக் கடை மதியம் சாத்துகிறது, கீரை விற்கும் அம்மா எத்தனை மணிக்கு வருகிறார் என்பதெல்லாம் நடந்தால்தான் தெரியும். கோயம்பேட்டுக்குப் பின்னிரவில் போய்ச் சரக்கு எடுத்துவரும் காய்கறிக் கடைக்காரரிடம் காலையில் போங்கள். மாலையில் போய் வாடிய வெண்டைக்காயைப் பார்த்து முகம் சுளிப்பதில் அர்த்தமில்லை.

என்னவென்று கூப்பிடுவது

இது சின்ன விஷயம் போலத் தெரியும். பத்து வருடம் வெளியூரில் இருந்துவிட்டு வந்தவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 'எக்ஸ்கியூஸ் மீ' என்று கடை வாசலில் நின்றால் யாரும் திரும்ப மாட்டார்கள்.

'அண்ணாச்சி' என்பது திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து மரியாதைச் சொல். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் சென்னையில் ஏராளமான மளிகைக் கடைகளை வைத்ததால், இங்கே மளிகைக் கடைக்கே அது பெயராகிவிட்டது. அதற்காக எல்லாக் கடைக்காரரும் அண்ணாச்சி ஆகிவிட மாட்டார். பொதுவாக 'அண்ணே' அல்லது 'அண்ணா' போதும். கல்லாவில் பெண் இருந்தால் அக்கா, வயதானவராக இருந்தால் அம்மா. முஸ்லிம் கடைக்காரரைத் தெருவே 'பாய்' என்றுதான் கூப்பிடும், நீங்களும் கூப்பிடலாம். டீக்கடை மலையாளி சேட்டா. பொட்டலம் கட்டும் பையன் தம்பி. சாதிப் பெயரைச் சேர்த்துக் கடையைச் சொல்லும் பழக்கம் ஊரில் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது முறை போகும்போதே "எந்த வீடு?" என்று கேட்பார். எரிச்சல்படாதீர்கள். வாங்கிய பொருளை மறந்து வைத்துவிட்டுப் போனால் திருப்பிக் கொடுக்கவும், பின்னால் கணக்கு வைக்கவும் அவருக்கு அது தேவை. "மஞ்சள் கேட் வீடு, இரண்டாவது மாடி" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த நிமிடத்திலிருந்து கடையில் உங்கள் பெயர் 'மஞ்சள் கேட் மாடி வீடு'.

பையை எடுத்துக்கொண்டு போங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. "ஒரு கவர் கொடுங்கண்ணே" என்று நீங்கள் கேட்டு, அவர் மறைத்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தால், சோதனைக்கு வருபவர் அபராதம் போடப்போவது அவருக்குத்தான்.

லிஸ்ட்

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எடுத்த எடுப்பில் முழு லிஸ்ட்டையும் கொடுக்க வேண்டாம். முதல் மாதம் ஐந்தே பொருள்: துவரம் பருப்பு, உளுந்து, மிளகாய், புளி, இட்லி அரிசி. எல்லாம் சில்லறையாக எடைபோட்டு வாங்குவது. சமைத்துப் பாருங்கள். பருப்பு வேக நேரமெடுத்தால், உளுந்து மாவு காணாமல் போனால், போய்ச் சொல்லுங்கள். "போன தடவை உளுந்து சரியா பொங்கலண்ணே" என்று சொல்லும் வாடிக்கையாளரைக் கடைக்காரர் மதிப்பார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த மாதம் ஆப்புக்குப் போய்விடுபவர் ஏன் போனார் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

லிஸ்ட் எழுதுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. 'மிளகாய் கால் கிலோ' என்று எழுதினால் குண்டா நீட்டா என்று அவர் எப்படி அறிவார்? புளி என்றால் கொட்டை எடுத்ததா, வெல்லம் என்றால் உருண்டையா அச்சா, அரிசி என்றால் பச்சையா புழுங்கலா, புதுசா பழசா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இதெல்லாம் தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லுங்கள். "சாம்பாருக்கு எதுண்ணே நல்லா இருக்கும்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், நாலு மூட்டை திறந்துகாட்டப்படும். மாசி, பங்குனியில் புதுப் புளி வரும்போது வருடத்துக்கு வாங்கி வைக்கச் சொல்வதும், மழைக்காலத்தில் ரவையைக் குறைவாக வாங்கச் சொல்வதும் இந்தப் பழக்கத்தில் கிடைப்பவை.

எப்போது கொடுப்பது? பெரும்பாலானோர் சம்பளம் வந்ததும் 1 முதல் 5ஆம் தேதிக்குள் மாலை ஏழு மணிக்குப் போய் நிற்கிறார்கள். அப்போது கடையில் கூட்டம், பொருள் தீர்ந்திருக்கும், எடை போடுபவருக்கும் பொறுமை இருக்காது. 25, 26ஆம் தேதி வாக்கில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "அவசரமில்லை, 1ஆம் தேதி கொடுத்தால் போதும்" என்று சொல்லுங்கள். இது உங்கள் வசதிக்காக மட்டும் இல்லை. சின்னக் கடைக்குக் கையில் புரளும் பணம் குறைவு. இந்த வாரம் விற்ற காசில்தான் அடுத்த வாரச் சரக்கு. கொத்தவால் சாவடிப் பக்கமோ வேறு மொத்தக் கடைக்கோ போகும் முன் பத்து வீட்டு லிஸ்ட் கையில் இருந்தால், எது எத்தனை கிலோ எடுப்பது என்று தெரிந்து எடுப்பார். தேங்கி வண்டு விழும் சரக்கு குறையும். லிஸ்ட் முன்கூட்டி வருவது பத்து ரூபாய் கூட லாபம் வைப்பதைவிட மேல் என்று சித்தப்பா சொல்வார்.

சாமான் வந்ததும் லிஸ்ட்டை வைத்துச் சரிபாருங்கள். கொண்டுவந்த பையன் நிற்கும்போதே பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை, அவரும் அதைத்தான் எதிர்பார்ப்பார். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு 25 கிலோ அரிசியைத் தூக்கிவந்தவருக்குத் தண்ணீரும் கையில் கொஞ்சம் காசும் கொடுங்கள்.

விலை ஒப்பிடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒப்பிடுங்கள், ஆனால் முறையாக. ஒரு லிட்டர் போலத் தெரியும் எண்ணெய் பாக்கெட்டில் அளவு குறைவாக இருப்பதுண்டு. எடையைப் பார்த்து ஒப்பிட வேண்டும். ஆப்பில் டெலிவரிக்கும் 'ஹேண்ட்லிங்'குக்கும் சேர்க்கும் காசையும், அங்கே போனதால் கூடவே வாங்கிய சாக்லேட்டையும் கணக்கில் எழுதுங்கள். அப்படியும் சில பொருள் முனைக்கடையில் விலை கூடத்தான் இருக்கும். குழந்தைக்கான டயாப்பர், பெரிய டப்பா சலவைத் தூள் மாதிரியானவற்றைக் கம்பெனி பெரிய கடைகளுக்குக் கொடுக்கும் தள்ளுபடியில் இவரால் கொடுக்க முடியாது. அதையெல்லாம் வேறிடத்தில் வாங்குங்கள், குற்ற உணர்ச்சி எதுவும் வேண்டாம். எங்கள் வீட்டில் மாதச் சாமானில் முக்கால் பங்கு முனைக்கடை, கால் பங்கு வெளியே. இந்தக் கணக்கு பல வருடமாக ஓடுகிறது.

மளிகையில் பேரம் பேசாதீர்கள். காய்கறிக் கடையில் கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேளுங்கள், அது உங்கள் உரிமை!

பணமும் கணக்கு நோட்டும்

போனில் பணம் அனுப்பினால், கடையின் ஸ்பீக்கர் பெட்டி "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று சொன்ன பிறகு நகருங்கள். பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் கிளம்பிவிட்டு, மறுநாள் தகராறு செய்வது இரண்டு பேருக்கும் சங்கடம். யுபிஐ வரவுக்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை, ஆனால் அந்த ஸ்பீக்கர் பெட்டிக்குப் பல இடங்களில் மாத வாடகை உண்டு.

சில கடைகளில் "ரொக்கமா கொடுங்க" என்றால் உடனே ஏய்ப்பவர் என்று முடிவு கட்ட வேண்டாம். 2025 ஜூலையில் பெங்களூரில் யுபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகள் பலருக்கு வரி நோட்டீஸ் போனது. பயந்துபோய் 'யுபிஐ இல்லை' என்று பல கடைகளில் சீட்டு ஒட்டினார்கள். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவை. கேட்கப் பெரிய தொகை போல இருக்கும். நாளுக்குப் பதினோராயிரம் ரூபாய்க்கு விற்றாலே அந்த எல்லை வந்துவிடும், விற்பனையில் லாபம் எவ்வளவு சொற்பம் என்பதை மேலே பார்த்தோம். பதிவே தேவைப்படாத கடையிலும், விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும், சிறு வியாபாரிகளுக்கான தொகுப்புத் திட்டத்தில் (காம்போசிஷன்) இருக்கும் கடையிலும் பில்லில் வரி என்று தனியாக வாங்கக் கூடாது. எம்ஆர்பியிலேயே எல்லா வரியும் அடங்கியிருக்கிறது.

கையில் எப்போதும் ஐந்நூறு ரூபாய்க்குப் பத்தும் இருபதுமாக வைத்திருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மின்சாரமும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. முழங்கால் தண்ணீரில் நடந்து போனால் முனைக்கடை பாதி ஷட்டரோடு திறந்திருந்தது. மெழுகுவர்த்தியும் பிரெட்டும் கொடுத்தார், தெரிந்த முகத்துக்கெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார். புதிதாகக் குடிவந்த ஒரு பையன் போனை நீட்டியபடி நின்றுகொண்டே இருந்தான். கடைசியில் அவனுக்கும் கொடுத்தார், அது வேறு விஷயம்.

நோட்டு என்றதும் ஒன்று. 'கடன் அன்பை முறிக்கும்' என்று போர்டு மாட்டியிருக்கும் கடையிலேயே கல்லாவுக்குக் கீழே நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கும். நீங்களாகக் கடன் கேட்காதீர்கள். மூன்று நான்கு மாதம் பழகிய பிறகு, சில்லறை இல்லாத ஒரு நாளில் "அப்புறம் கொடுங்க" என்று அவரே தொடங்கி வைப்பார். தொடங்கிய பிறகு மூன்று விஷயத்தில் கறாராக இருங்கள். ஒரு தேதி, அந்தத் தேதியில் முழுப் பாக்கியையும் தீர்ப்பது. எழுதும்போது பார்ப்பது, முடிந்தால் உங்களிடமும் ஒரு சிட்டை வைத்துக்கொள்வது. வீட்டில் யாரெல்லாம் கணக்கில் வாங்கலாம் என்று சொல்லிவிடுவது. இல்லையென்றால் பிள்ளைகள் வாங்கிய ஐஸ்கிரீம் மாதக் கடைசியில்தான் தெரியவரும்.

ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்லிவிடுகிறேன். வீடு மாறும்போது பாக்கியைத் தீர்க்காமல் போகாதீர்கள். எங்கள் கடைக்காரரின் நோட்டில் அப்படிப் போனவர்களுக்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது. எல்லாம் நல்ல சம்பளக்காரர்கள். தொகையும் பெரிதில்லை, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு. மறந்திருப்பார்கள். அவர் மறக்கவில்லை.

சில்லறைக்குப் பதில் மிட்டாய் நீட்டினால் வேண்டாமென்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கோவில்பட்டிக் கடலை மிட்டாயாக இருந்தால் நான் மறுப்பதில்லை.

தவறு நடந்தால்

தேதி முடிந்த பாக்கெட் வந்தால் எடுத்துப்போய்க் காட்டுங்கள், மாற்றித் தருவார். பெரும்பாலும் அது கம்பெனி ஆள் திருப்பி எடுக்காமல் விட்டுப்போன சரக்காக இருக்கும். கடை நிறைய ஆள் இருக்கும்போது உரக்கச் சொல்லாமல், ஓரமாகச் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும்.

குளிர்பானத்துக்கு 'கூலிங்' என்று எம்ஆர்பிக்கு மேல் ஒன்றிரண்டு ரூபாய் கேட்பது சட்டப்படி தவறு. அதைச் சொல்லிக் கேளுங்கள். தராசு உங்கள் பக்கம் தெரியும்படி இருக்கிறதா, பொருள் வைக்கும் முன் பூஜ்யம் காட்டுகிறதா, இந்த ஆண்டு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் உரிமைதான். சொல்லியும் திருந்தாத கடை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. எடை அளவு விஷயத்தில் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம். சின்னக் கடை என்பதற்காக ஏமாற்றைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அடுத்த தெருவிலும் ஒரு சின்னக் கடை இருக்கத்தானே செய்கிறது?

கேட்டு வாங்குவது

உங்களுக்குச் சிறுதானியமோ, குறிப்பிட்ட காப்பித் தூளோ வேண்டுமென்றால் கேளுங்கள், வாங்கிப் போடுவார். ஆனால் கேட்டுவிட்டு ஒரே மாதம் வாங்கி நிறுத்திவிட்டால், மிச்சம் அவர் தலையில். என் பேச்சைக் கேட்டு எடுத்த குதிரைவாலி அரிசி அரை மூட்டை, நான் டயட்டை விட்ட பிறகும் ஆறு மாதம் அந்தக் கடையில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் நானே வாங்கிப் பொங்கல் வைத்தேன்.

இலவச வேலைகளில் அளவு வேண்டும். சாவியைக் கொடுத்து வைப்பது, ஊரிலிருந்து வருபவருக்கு வழி சொல்லச் சொல்வது, வீட்டு வேலைக்கு ஆள் விசாரிப்பது எல்லாம் தெருவில் நடப்பதுதான். ஆனால் ஆன்லைனில் வாங்கிய பார்சலை "முனைக்கடையில் வச்சிட்டுப் போங்க" என்று டெலிவரிக்காரரிடம் சொல்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவருடைய வியாபாரத்தை எடுத்துக்கொண்டு போன பெட்டிக்கு அவரே காவல்.

குடியிருப்போர் சங்கத்தில்

அப்பார்ட்மெண்ட் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது, அதை முனைக்கடைக்காரர் வந்து செய்ய முடியாது. கீரை விற்பவரையும் கடைப் பையனையும் கேட்டில் நிறுத்திக் கையெழுத்து வாங்கும் காவலாளி, ஆப் டீ-ஷர்ட் போட்டவரை அப்படியே உள்ளே விடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் எழுந்து, எல்லோருக்கும் ஒரே விதி வையுங்கள் என்று கேளுங்கள். காலை 7 முதல் 9 வரை தள்ளுவண்டிகள் கேட் அருகே நிற்கலாம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் பாதிச் சண்டை தீரும். தெருவோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சான்றிதழும் பாதுகாப்பும் உண்டு. "போலீஸைக் கூப்பிடுவோம்" என்று கிளம்பும் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதை மெதுவாக எடுத்துச் சொல்லலாம். கடை வாசலை மறித்து உங்கள் காரை நிறுத்தாமல் இருப்பது அதைவிடச் சுலபம்.

உங்களுக்குச் சொந்த வீடு இருந்து, இடித்துக் கட்டப் போகிறீர்கள் என்றால் இன்னும் ஒன்று. பழைய வீடுகளில் முன்பக்கம் ஒரு கடை இருக்கும். புதிதாகக் கட்டும்போது தரைத்தளம் முழுக்கத் தூண்களும் கார்களும் ஆகிவிடுகின்றன. எங்கள் தெருவில் இரண்டு கடைகள் அப்படித்தான் போயின, வியாபாரம் படுத்ததால் இல்லை. குடியிருப்புப் பகுதியிலும் அன்றாடப் பொருள் விற்கும் சிறுகடைக்குக் கட்டட விதிகளில் இடமிருக்கிறது. வரைபடம் போடும்போதே பொறியாளரிடம் கேளுங்கள்.

அப்புறம், ஷட்டர் இறங்கியிருக்கும் நாட்கள். மே 5 வணிகர் தினம். அன்று வணிகர் சங்க மாநாட்டுக்காகப் பல கடைகள் அடைத்திருக்கும், பாலும் காய்கறியும் முந்தைய நாளே வாங்கிவிடுங்கள். தென்மாவட்டத்துக்காரர் கடை என்றால் பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போய்விடுவார், ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் அப்படியே. இரண்டு மூன்று நாள் கடை இருக்காது. அந்த நாட்களில் ஆப்பில் வாங்கிக்கொள்ளுங்கள்.